கழித்தல் குறி போட்ட ரத்தம்

செய்யாத பிழைக்கு உம்மு குல்சும் ஒருநாளும் தலை குனிந்ததில்லை. கிண்ணியாவில் அவளை வாய்க்காரி என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களில் பாதிப்பேர் பிறகு தங்கள் மகள்மாரைக் கூட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்கள்.

நாடு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு வருடம் முன்னர் பிறந்தவள். வாப்பா ஸெய்னுதீன் காட்டிலிருந்து விறகு ஏற்றிவந்து விற்றவர். பத்தொன்பது வயதில், 1965ஆம் ஆண்டு, வாப்பாவின் கூடப்பிறந்த சகோதரி றுக்கியாவின் மகன் மஹ்ரூபுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மஹ்ரூப் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றும் வேலை செய்தான். விடியப் புறப்பட்டு, பாதையில் துறையைக் கடந்து (வாகனமும் சனமும் ஏறும் மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர்), அக்கரையில் பஸ் பிடித்து நகரத்துக்குப் போவான். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது. மாப்பிள்ளை வந்து குடியேறினான். இரண்டு வருடத்துக்குள் வாப்பாவும் உம்மாவும் அடுத்தடுத்து மௌத்தானார்கள். நெருங்கிய உறவென்று குல்சுமுக்கு மிஞ்சியது மாமி றுக்கியாதான்.

மூத்தவள் பல்கீஸ் 1966இல் பிறந்தாள். சுகப்பிரசவம். இரண்டு மாதத்தில் கன்னம் தொங்கும் அளவுக்குக் கொழுத்தாள்.

அடுத்தது ஆண். 1968இல் வீட்டிலேயே பிறந்தான். பிறந்த அன்று பின்னேரமே கண்ணின் வெள்ளை மஞ்சளாகியது. மறுநாள் உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். ஓதித் தண்ணீர் தெளித்தார்கள், இளவெயிலில் கிடத்தினார்கள். மூன்றாம் நாள் பால் இழுக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கீச்சென்று அழுதான். நாலாம் நாள் மத்தியான ளுஹர்த் தொழுகைக்கு முன் அந்த அழுகையும் நின்றுவிட்டது. குல்சும் அழுதாள், நாற்பது நாள் கழிய எழுந்தாள், சமைத்தாள். காய்ச்சலில் பிள்ளைகள் போகும் ஊர்தான் அது. இதுவும் அப்படி ஒன்று என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள்.

மூன்றாவது பிள்ளை 1970இல். எட்டாம் மாதத்தில் அசைவு நின்றது. அந்த வருடம்தான் திரியாயைச் சேர்ந்த ஞானமணி அரசாங்க மருத்துவிச்சியாகக் கிண்ணியாவுக்கு மாற்றலாகி வந்திருந்தாள். சைக்கிளில் திரியும் மெலிந்த பெண், பேச்சுக் குறைவு. அவள்தான் பிள்ளையை எடுத்தாள். உயிரில்லை. உடம்பெல்லாம் நீர் வைத்து ஊதியிருந்தது. பின்னால் விழுந்த இளங்கொடியும் வழக்கத்தைவிடப் பெரியது. ஞானமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குல்சுமின் பக்கத்தில் குந்தி, முந்திய பிள்ளை எப்படிப் போனது என்று கேட்டாள். மஞ்சள் என்றதும் எத்தனையாம் நாள் மஞ்சள் வந்தது என்று கேட்டாள். அன்றைக்கே என்றாள் குல்சும்.

"பிள்ளை, நீங்கள் எழும்பினதும் என்னோட பெரியாஸ்பத்திரிக்கு வரவேணும். உங்கட ரத்தத்தை ஒருக்காப் பாக்கவேணும்."

வாசலில் நின்ற பெண்களுக்கு வேறு பதில் இருந்தது. ஜின் பார்வை என்றார்கள். பிள்ளை தங்காத வயிறு என்றார்கள். றுக்கியா சிறிய ஜனாஸாவைத் தானே கழுவி, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டுக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நாற்பது நாள் முடிந்த மறுநாள் குல்சும் ஞானமணியோடு பாதை ஏறினாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு துண்டில் ஓ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கோடு என்னவென்று கேட்டாள். மைனஸ் என்றார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், கழித்தல் குறி தெரியும். என்னிடம் எதைக் கழித்துவிட்டீர்கள் என்று அவள் கேட்டதற்கு, டொக்டரம்மாவிடம் கேட்கும்படி அனுப்பினார்கள்.

டொக்டரம்மா பொறுமையானவர். பெரும்பாலான ஆட்களின் ரத்தத்தில் இருக்கும் ஒரு பொருள் அவளுடைய ரத்தத்தில் இல்லை. அது நோய் இல்லை, அதனால் அவளுக்கு ஒரு குறையும் வராது என்றார். புருஷனுடைய ரத்தத்தில் அது இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். முதல் பிள்ளை பிறக்கிற நேரம் அதன் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் கலந்துவிடும். தாயின் உடம்பு அதை அந்நியம் என்று கண்டு எதிர்க்கப் பழகிக்கொள்ளும். முதல் பிள்ளை தப்பிவிடும். பின்னால் வருகிற பிள்ளைகளுக்கும் அதே பொருள் இருந்தால், அவர்களின் ரத்தத்தைத்தான் அந்த எதிர்ப்பு உடைக்கும்.

குல்சும் கதிரையின் விளிம்பில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, இதற்கு மருந்து இல்லையா என்றாள். ஓர் ஊசி இருக்கிறது; முதல் பிள்ளை பிறந்து மூன்று நாளுக்குள் போட்டுவிட்டால் தாயின் உடம்பு எதிர்க்கப் பழகாது. வெளிநாட்டிலேயே இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் வந்தது. பல்கீஸ் பிறந்தபோது உலகத்தில் எங்குமே கிடைத்திருக்காது. இனிப் போட்டும் பயனில்லை.

"அப்ப என்ட உடம்புதான் ரெண்டு பேரையும் சாகடிச்சிருக்கி," என்றாள் குல்சும்.

 ஞானமணி அவளுடைய தோளில் கை வைத்தாள். குல்சும் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள். பிறகு குல்சும் சொன்னதை ஞானமணி பல வருடங்களுக்குப் பிறகும் ஆட்களிடம் சொல்வாள்.

"இல்ல. அறியாத ஆள் உள்ள வந்தா உடம்பு கதவச் சாத்தத்தான் செய்யும். அதுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் இருக்கல்ல. இதில நான் செஞ்ச பிழை ஒண்டும் இல்ல."

புருஷனைக் கூட்டிவரச் சொன்னார்கள். மஹ்ரூப் வர மறுத்தான். கெட்டவன் அல்ல, கைநீட்டாதவன், குடிக்காதவன். ஆனால் ஆஸ்பத்திரியில் போய் ரத்தம் கொடுத்தால் குறை தன்னிடம் என்று துறைமுகத்தில் கதைப்பார்கள் என்று பயந்தான். இரண்டு மாதம் சாக்குச் சொன்னான். அதற்குள் அந்தக் கழித்தல் குறியின் கதை ஊருக்குள் பரவிவிட்டது. ரத்தம் குறைந்தவள், பிள்ளையின் ரத்தத்தை உறிஞ்சுகிறவள் என்றெல்லாம் கிணற்றடியில் கதைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு, மஹ்ரூபின் சாச்சா ஜமால்தீன் வந்தார். அவனுடைய வாப்பாவின் தம்பி, குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் முன்னால் நிற்பவர். கூடவே றுக்கியா. தேத்தண்ணி குடித்து முடித்ததும், மூதூரில் ஒரு நல்ல பெண் இருப்பதாகவும், மார்க்கத்தில் இடம் இருப்பதாகவும், குல்சுமையும் ஒன்றும் விட்டுவிடப் போவதில்லை என்றும் ஜமால்தீன் நிதானமாகச் சொன்னார். மஹ்ரூப் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். றுக்கியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குல்சும் கோப்பைகளை எடுக்க வந்தவள், எடுக்காமல் நின்றாள்.

"சாச்சா, இது எனக்கு எழுதின வீடு. இவர் நிக்காஹ் செய்றண்டா செய்யட்டும். சாரத்தையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு மூதூருக்குப் போகட்டும். நான் மறிக்க மாட்டன். ஆனா போறதுக்கு முதல் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தக் காட்டிட்டுப் போகட்டும். என்ட ரத்தத்த ஊரே பாத்திட்டு. இவர்ட ரத்தத்த ஏன் ஒருத்தரும் பாக்கல்ல?"

ஆம்பிளையின் ரத்தத்தில் என்ன பார்க்க இருக்கிறது என்றார் ஜமால்தீன்.

"அதத்தான் பாக்கணும்," என்றாள் குல்சும். கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

ஜமால்தீன் கோபத்தோடு எழுந்து போனார். மஹ்ரூப் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வேலை முடிந்து வந்து, மடித்த துண்டு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலுமாரியின் மேல் வைத்தான். ஓ என்றும் பக்கத்தில் கூட்டல் குறியும் இருந்தது. துறைமுகத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். குல்சும் துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மூதூர்க் கதையை அவன் பிறகு எடுக்கவேயில்லை.

டொக்டரம்மா அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார். மஹ்ரூபின் தாயோ தகப்பனோ இந்தப் பொருள் இல்லாதவர்களா? ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு. மஹ்ரூபுக்கு இரண்டு பங்கிலும் அது இருந்தால் பிறக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் அது வரும். குல்சும் இனிப் பிள்ளையை நினைக்காமல் இருப்பதே நல்லது. ஒரு பங்கில் மட்டும் இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதை அவனுடைய ரத்தத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. தகப்பன் மௌத்தாகிவிட்டார். தாய் இருக்கிறாள்.

மாமிக்கு மஹ்ரூப் ஒரே பிள்ளை என்பதும், அவனுக்குப் பிறகு பிறந்தவை நிலைக்கவில்லை என்பதும் குல்சுமுக்குத் தெரியும். வீட்டில் ஒருவரும் கதைக்காத விஷயம். அதற்குப் பிறகுதான் மாமியின் புருஷன் மூதூரில் இரண்டாவது நிக்காஹ் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பஸ்ஸில் வரும்போது இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். வீட்டுக்குப் போகாமல் நேரே மாமி வீட்டுக்குப் போனாள்.

றுக்கியா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். குல்சும் எதிரே குந்தி, தானும் ஒரு பிடி எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

"மாமி, மச்சானுக்குப் பிறகு உங்களுக்குப் பிறந்த புள்ளையள் எப்படி மௌத்தான?"

றுக்கியாவின் கை நின்றது. எழுந்து போகும்படி சொன்னாள். குல்சும் எழும்பவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய மையித்துகளைத் தோண்ட வந்தாயா என்று றுக்கியா கேட்டாள். ஓம், அதற்குத்தான் வந்தேன் என்றாள் குல்சும். இறாலின் ஓடுகள் இருவருக்கும் நடுவே குவிந்தன. றுக்கியா தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"மூத்தவனுக்குப் பிறகு ஒரு பொம்புளப் புள்ள. பொன் மாதிரி மஞ்சளாப் பிறந்திச்சி. நான் நல்ல வடிவண்டு நினைச்சன், மகள். எல்லாருக்கும் தூக்கிக் காட்டினன். அஞ்சாம் நாள் போயிட்டு. மத்த மூண்டும் வயித்துக்குள்ளயே. நீர் வச்சி."

குல்சும் இறாலைக் கீழே போட்டுவிட்டு, நாற்றமடிக்கும் கையோடு மாமியின் கையைப் பிடித்தாள். டொக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். இடையில் ஒரு முறை றுக்கியா நிறுத்தச் சொல்லி, திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை மாமியும் மருமகளும் பாதை ஏறினார்கள். றுக்கியா பெரியாஸ்பத்திரிக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல்தடவை. கையை நீட்டியவள், ஊசி ஏறும்போது முகம் திருப்பவில்லை. தன் ரத்தம் குழாயில் ஏறுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் முடிவு வந்தது. றுக்கியாவுக்கும் கழித்தல் குறி.

டொக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. தாயிடம் அந்தப் பொருள் இல்லையென்றால் மகனுக்குத் தகப்பன் வழியில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. அப்படியானால் அவன் பிள்ளைக்குக் கடத்துவது பாதிக்குப் பாதி. தாயைப் போல ஒரு பிள்ளை வந்தால் அதற்கு ஓர் ஆபத்தும் இல்லை. வாப்பாவும் மாமியும் உடன்பிறந்தவர்கள். அந்த வழியாகத்தான் குல்சுமுக்கும் இந்த ரத்தத்தில் ஒரு பங்கு வந்திருக்கும் என்றார்.

றுக்கியா அதில் ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. தன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் ஜின் இல்லையா என்று ஒரு தரம் கேட்டாள். இல்லை என்றார் டொக்டரம்மா. துண்டை மடித்து மடிக்குள் செருகிக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பி, பாதையால் இறங்கியதும் றுக்கியா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஜமால்தீனின் வீட்டை நோக்கி நடந்தாள். குல்சும் பின்னால் போனாள். ஜமால்தீன் விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். றுக்கியா முற்றத்திலேயே நின்றாள். அவள் ஓர் ஆம்பிளையின் முன் குரல் எடுத்ததை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. அன்றும் அவள் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஜமால்தீன், உங்கட காக்காக்கு, என்ட புருஷனுக்கு, மூதூரில பொண்ணு பாத்துக் குடுத்தது நீங்க. இருபத்தொரு வருஷம் நான் தனியக் கிடந்தன். ஜின் புடிச்சவளெண்டு கலியாண வீட்டுக்கும் என்னக் கூப்பிடல்ல. நானும் நம்பித்தான் கிடந்தன். எனக்கு ஒரு ஜின்னும் இல்லயாம், எழுதித் தந்திருக்காங்க. இனி என்ட மகனுக்குப் பொண்ணு பாக்க இந்த வாசலால ஆரும் வர வேணாம்."

 றுக்கியா திரும்பி நடந்தாள். ஒழுங்கை முனையில் குல்சும் அவளை மதிலோரம் இருத்தி, அவள் அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றாள்.

அடுத்த வருடம் குல்சும் மீண்டும் உண்டானாள். மஹ்ரூபுக்குப் பயம். பல்கீஸ் ஒருத்தி போதும், ஏன் இந்த விஷப்பரீட்சை என்று கெஞ்சினான். பாதி வாய்ப்பு என்றால் பாதி இழப்பும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஊர் சொன்னதற்காகவும் அவள் இதைச் செய்யவில்லை. தன் உடம்பு ஒரு பிள்ளையை வளர்க்கும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை வேறொருவர் வந்து பறிக்கவிடக் கூடாது என்பதே அவளுடைய பிடிவாதம்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞானமணியோடு நகரத்துக்குப் போனாள். எடுத்த ரத்தம் கண்டிக்கு அனுப்பப்பட்டு, ஓர் எண் திரும்பி வரும். எதிர்ப்பு கூடினால் எண் ஏறும். ஐந்தாம் மாதம் வந்த எண்ணே ஆறாம் மாதமும் வந்தது. ஏழாம் மாதம் கண்டித் தபால் பிந்தியது. அந்தக் கிழமை முழுவதும் மஹ்ரூப் சரியாகச் சாப்பிடவில்லை, குல்சும் எல்லோரோடும் எரிந்து விழுந்தாள். பிறகு வந்ததும் அதே எண்தான். டொக்டரம்மா சிரித்தாலும் வாக்குக் கொடுக்க மறுத்தார். கடைசி மாதம் நகரத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கச் சொன்னார்கள். றுக்கியா பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

1972 மார்ச்சில், காலை பத்து மணிக்கு, ஆண் பிள்ளை பிறந்தான். கொடியிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து தாதி மிஸ்ஸி ஒருத்தி வந்து சொன்னாள்: பிள்ளைக்கும் மைனஸ். வார்ட்டில் இருந்த பெண்கள் ஏதோ கெட்ட செய்தி என்று பதறினார்கள். குல்சும் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனாலும் அவளால் நம்ப முடியவில்லை. காலையும் மாலையும் பிள்ளையை யன்னலோரம் கொண்டுபோய், இமையை விரலால் விலக்கிக் கண்ணைப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது போல லேசான மஞ்சள் மூன்றாம் நாள் தட்டியபோது, ஆஸ்பத்திரியே அதிரும்படி டொக்டரைக் கூப்பிட்டாள். அது வழக்கமானது என்று சொல்லியும் நாலாம் நாள் முழுவதும் பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. ளுஹர் பாங்கு கேட்டது. பிள்ளை முலையை இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தான். றுக்கியா கட்டிலின் மறுபக்கம் நின்று, அவனுடைய உள்ளங்காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். சரீப் என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொரு முறை விதியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, இது போதும் என்று குல்சும் தானே தீர்மானித்தாள். அதற்கும் ஊரில் கதைத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞானமணியின் கிளினிக் நாட்களில் அவளும் போய் உட்காரத் தொடங்கினாள். முதல் பிள்ளை உண்டான பெண் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று அவளுக்கு ஞானமணிக்கு முன்னமே தெரிந்துவிடும். ரத்தம் பார்த்தாயா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. கழித்தல் குறி வந்து அழுத பெண்களிடம், நானும் மைனஸ், என்ட மகனும் மைனஸ், மாமியும் மைனஸ், எங்களுக்கு என்ன குறை என்று கேட்பாள்.

எல்லோரும் கேட்கவில்லை. மைமூனா என்ற பெண் சொல்லச் சொல்லக் கேட்காமல் வீட்டிலேயே பெற்று, இரண்டாவது பிள்ளையை இழந்தாள். அந்த வீட்டுக்குக் குல்சும் போனாள். மைமூனாவின் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தாள்.

1979இல் பரீதா என்ற பெண்ணின் முறை. பதினெட்டு வயது, முதல் பிள்ளை, கழித்தல் குறி. ஊசி அப்போது கொழும்பில் கிடைத்தது. ஆனால் அவளுடைய வாப்பா அபூதாஹிர், தன் மகளுக்குக் கெட்ட ரத்தம் என்று ஊர் சொல்லக்கூடாது என்று நகரத்துக்கு அனுப்ப மறுத்தார். குல்சும் மூன்று நாள் தொடர்ந்து அவருடைய கடை வாசலில் போய் நின்றாள்; அவர் ஏசி விரட்டியும் போகவில்லை. மூன்றாம் நாள், சாமான் வாங்க வந்தவர்களுக்கு முன்னால் கேட்டாள்:

"ஊர் கதைக்கும். நான் அறிஞ்சதுதான். ஆனா உங்கட பேரப்புள்ளைக்குக் குழி வெட்ட ஊர் வராது, நீங்கதான் வெட்டணும். எது லேசு?"

பரீதா பெரியாஸ்பத்திரியில் பெற்றாள். பிள்ளையின் ரத்தத்தில் கூட்டல் குறி. பழைய காலமென்றால் அந்த வயிற்றில் வரும் அடுத்த பிள்ளைக்கு அதுதான் தீர்ப்பு. மஹ்ரூப் துறைமுக லொறி ஒன்றில் கொழும்புக்குப் போய், முன்கூட்டியே வாங்கிவந்திருந்த ஊசி ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் இருந்தது. மறுநாளே போட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து பரீதாவுக்கு இரண்டாவது பிள்ளை. அதுவும் கூட்டல் குறி; ஆனால் மஞ்சள் இல்லை, நீர் இல்லை. பத்தாம் நாள் அபூதாஹிர் ஒரு தட்டில் பழமும் தொதல் இனிப்பும் வைத்துக்கொண்டு குல்சுமின் வாசலுக்கு வந்தார். அன்று கடை வாசலில் தான் கதைத்ததை மறந்துவிடச் சொன்னார். குல்சும் தட்டை வாங்கிப் பல்கீஸிடம் கொடுத்தாள். மறக்க மாட்டேன் என்றாள். உங்களுடைய இளைய மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறதாமே, அவளுடைய ரத்தம் பார்த்தாயிற்றா என்று கேட்டாள்.

அபூதாஹிர் இன்னும் இல்லை என்றார்.

"அப்ப திங்கக்கிழமை ஏழு மணிப் பாதை," என்றாள் குல்சும். "நான் துறையில நிப்பன்."